இலெமூரியாவும் ஊதாத் தவளையும்

இலெமூரியா என்னும் பெயரைக் கேள்வியுறாத தமிழ் வாசகர் அரியர். கடல்கொண்ட தென்னாடு பற்றிய பேச்சு எழுமிடத்தெல்லாம் அப்பெயரும் உடன் எழுகின்றது. ஆயினும் அது ஒரு சிறு பிராணியின் பெயரடியாகப் பிறந்தது என்பதையும், அதனைப் படைத்தவர் தமிழரின் தொன்மையை ஆராயப் புகாத இலண்டன் விலங்கியலாளர் ஒருவர் என்பதையும் அறிந்தோர் அத்துணைப் பலரல்லர்.

இலண்டன் விலங்கியற் கழகத்தின் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றிய பிலிப் லட்லி ஸ்கிளேற்றர் என்பவரே அவர். பறவைகளின் பரம்பலை ஆதாரமாகக் கொண்டு உலகினை ஆறு பிரதேசங்களாக 1858 இல் வகுத்தவரும் இவரே. 1864 இல் மடகாஸ்கர்த் தீவின் முலையூட்டிகள் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அத்தீவு ஆபிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தில் கிடக்கின்றது. ஆனால் ஆபிரிக்காவின் சிங்கமோ யானையோ குரங்கோ அங்கு இல்லை. அவற்றுக்குப் பதிலாக இலெமூர் என்னும் பிராணிகள் பல இனங்களாகப் பெருகிக் காணப்படுகின்றன. இவற்றின் உறவினமென அன்று கருதப்பட்டது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் தேவாங்கு. இடையே கிடப்பதோ இந்து சமுத்திரம். நீந்தவும் பறக்கவும் இயலாத பிராணிகள் இரு கரைகளிலும் எவ்வாறு வந்து சேர்ந்தன? முன்னொரு காலத்தில் அங்கு ஒரு பெருநிலம் இருந்து, பின்னர் துண்டுபட்டு அழிந்திருத்தல் வேண்டும் என ஸ்கிளேற்றர் ஊகித்தார். அந்நிலத்துக்கு அவர் இட்ட பெயரே இலெமூரியா. இலெமூர் என்னும் சொல், இரவில் உலாவும் ஆவிகளைக் குறிக்க உரோமர் வழங்கிய சொல்லிலிருந்து லின்னேயஸ் எடுத்துக்கொண்டதாகும். ஆவியின் பெயரைப் பெற்ற நிலம் பின்னர் ஆவியைப் போலவே உலாவியது வியப்பன்று.

இவ்வூகத்தை இன்று எள்ளி நகையாடுதல் எளிது, நேர்மையன்று. கண்டங்கள் இருந்த இடத்தைவிட்டு அசையா, உயர்தலும் தாழ்தலுமே அவற்றுக்கு இயலும் என்று கொண்டிருந்த காலத்தில், கடலின் இருபுறத்தும் ஒத்த உயிர்கள் காணப்படின் நடுவே ஒரு நிலம் தாழ்ந்ததெனக் கூறுவதைவிடப் பொருத்தமான விடை வேறு அதிகம் இருக்கவில்லை. குளொசொத்தெரிஸ் என்னும் தாவரத்தின் உயிர்ச்சுவடுகள் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஒருங்கே கிடைத்தமை புவிச்சரிதவியலாளரையும் இத்தகைய சிந்தனைக்கே இட்டுச் சென்றது. ஜேர்மானியரான ஏர்ணஸ்ட் ஹெக்கல், 1868 இல் வெளியிட்ட நூலில், மனிதன் தோன்றிய இடமும் மூழ்கிய அந்நிலமாகலாம் என்றார். அதற்கு எலும்புத் துண்டொன்றேனும் சான்றாக இருந்ததில்லை. 1880 இல் அல்பிரட் ரசல் வலஸ் தீவுகளின் உயிரினங்கள் பற்றிய தமது நூலில் இலெமூரியாவை வேண்டாத கற்பனையெனத் தள்ளிவிட்டார். ஆயின் அறிஞர் தள்ளியதை மறைஞானக் கொள்கையினர் ஏற்றனர். 1888 இல் பிளவாட்ஸ்கி அம்மையாரின் நூலில் அது புதுவாழ்வு பெற்றது. இருபதாம் நூற்றாண்டில், இறையனார் களவியலுரையும் அடியார்க்குநல்லார் உரையும் கூறும் கடல்கோட் செய்திகளோடு தமிழறிஞர் சிலர் அதனை இணைத்தனர்.

நிலங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்னும் எண்ணத்தை 1912 இல் அல்பிரட் வெகனர் முன்வைத்தபோது அதனை ஏற்றோர் சிலரே. 1930 இல் கிறீன்லாந்துப் பனிவெளியில் அவர் மாண்டார். 1960களில் சமுத்திரத் தளம் விரிவடைவது காந்தப் பதிவுகளால் நிறுவப்பட்ட பின்னரே அவர் கொள்கை நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக இணைந்தபடியே ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவிலிருந்து பிரிந்தன. ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரைக் கைவிட்டு இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்தது. வழியில் சீஷெல்சும் கழன்று பின்தங்கியது. இலங்கை இந்தியாவுடனேயே பயணஞ் செய்தது.

இப்பயணத்தில் உடன்வந்த உயிர் எது? மிகத் தெளிவான விடை கிடைத்தது 2003 இல். மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், ஊதா நிறமும் உப்பிய உடலும் கூரிய மூக்கும் கொண்ட தவளையொன்றை எஸ். டி. பிஜுவும் பிராங்கி பொசுயிட்டும் அறிவியல் உலகுக்கு அறிமுகஞ் செய்தனர். பன்றியின் மூக்கை நினைவூட்டும் அதன் முகத்தைக் கொண்டே நாசிகாபற்றாக்கஸ் எனப் பெயரிட்டனர். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிற் கழித்து, கறையானை உண்டு வாழும் இது, மழைக்காலத் தொடக்கத்தில் சில நாள்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வருகின்றது. வாற்பேத்தைகள் மலையருவியின் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. அவ்வாற்பேத்தை 1918 இலேயே நூலில் விவரிக்கப்பட்டிருந்தது. மலைவாழ் மக்கள் அதனைப் பிடித்து உண்டும் வந்தனர். ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து மீளும் மாபலி மன்னனை நினைந்து மாவேலித் தவளை என்றும் கேரளத்தில் இது வழங்கும். ஆகவே ‘புதிய கண்டுபிடிப்பு’ என்னும் சொல்லைச் சற்று நிதானித்தே கையாளல் வேண்டும்.

புதுமை அதன் உறவிலேயே இருந்தது. பரம்பரையலகுகளை ஒப்பிட்டபோது, அதன் மிகநெருங்கிய சுற்றம் இந்தியாவிலன்றி, ஏறக்குறைய 3000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சீஷெல்ஸ் தீவுகளின் சின்னஞ்சிறு தவளைகளே எனத் தெரியவந்தது. இவ்விரு கிளைகளும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்திருப்பவை என அவ்வாய்வாளர் கணித்தனர். உப்புநீர் பட்டால் பிழைக்க மாட்டாத தவளை கடல் கடந்திருத்தல் அரிது. நிலமே அதனைச் சுமந்து வந்தது எனக் கொள்வதே பொருந்தும். 2017 இல் மலையின் தமிழ்நாட்டுப் பக்கச் சரிவிலிருந்து இதன் மற்றோர் இனம் விவரிக்கப்பட்டது. அது தென்மேல் பருவக்காற்றை விடுத்து வடகீழ்ப் பருவக்காற்றின் மழைக்கு மேலே வருகின்றது.

ஆனால் இலெமூரியாவுக்குப் பெயர் தந்த இலெமூரின் கதை நேர்மாறானது. இலெமூர்களின் முன்னோர் மடகாஸ்கரை அடைந்தது, அத்தீவு ஆபிரிக்காவைப் பிரிந்து பல கோடி ஆண்டுகள் சென்ற பின்னரே. அவை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட மரத்திரள்கள் மீது ஆபிரிக்காவிலிருந்து மிதந்து வந்தன என்பதே பெரும்பாலான அறிஞர் கொள்கை. இன்றைய நீரோட்டம் அதற்கு எதிராக ஓடுகிறதே என்று எழுந்த தடைக்கு 2010 இல் விடை வந்தது: அக்காலத்தில் நீரோட்டம் மடகாஸ்கரை நோக்கியே வலிமையாக ஓடியிருக்கும் எனக் கணினிக் கணிப்பொன்று காட்டிற்று. தேவாங்கோ இலெமூரின் தூரத்து உறவினம் மட்டுமே. அதன் கிட்டிய சுற்றத்துட் சில ஆபிரிக்காவிலும் உள்ளன. எந்தப் பிராணிக்காக ஒரு கண்டம் கற்பிக்கப்பட்டதோ அதற்குக் கண்டம் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட தவளையை ஸ்கிளேற்றர் அறியார்.

இந்து சமுத்திரத்தின் அடியில் பழைய நிலத்துண்டுகளே இல்லையென்பதன்று. எரிமலைத் தீவான மொரீசியசின் மணலில், அத்தீவைவிடப் பன்மடங்கு மூத்த சிர்க்கன் என்னும் கனியத் துகள்கள் கிடைத்ததாக 2013 இல் அறிவிக்கப்பட்டது. எரிமலைக் குழம்புக்கடியில் ஒரு கண்டத்தின் சிதைவு மறைந்துள்ளது என்பதற்கு அது அறிகுறி. ஆயின் அதுவும் மனிதன் தோன்றுதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்டது. தமிழ் உரையாசிரியர் கூறும் கடல்கோளுக்கு இதனைச் சான்றாக்குவது காலக் கணக்கைக் கைவிடுவதாகும். பனியூழி முடிவில் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீற்றர் உயர்ந்து உலகெங்கும் கரையோரங்களை விழுங்கியதும், இந்தியாவையும் இலங்கையையும் இணைத்திருந்த தாழ்நிலம் நீருள் மறைந்ததும் மனிதர் கண்முன் நிகழ்ந்தவை. கடல்கோள் மரபை ஆராய்வோர் தொடங்கவேண்டிய இடம் அதுவேயன்றி, 1864 இல் எழுதப்பட்ட விலங்கியற் கட்டுரையன்று.

ஸ்கிளேற்றரின் சான்றுகளுள் ஒன்றாகிய தேவாங்குக்கும் பின்னுரையொன்று உண்டு. இலங்கையின் ஹோட்டன் சமவெளிப் பகுதியில் வாழும், அடர்ந்த மயிருடைய ஒருவகைத் தேவாங்கு 1939 இற்குப் பின்னர் எவர் கண்ணிலும் படாது அற்றுப்போனதென எண்ணப்பட்டது. 2002 இல் அது மீண்டும் தென்பட்டது. 2009 இல் மலைக்காட்டில் அதனை முதன்முதலாகப் படம்பிடித்தோர் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தினரும், ஸ்கிளேற்றர் செயலாளராக இருந்த அதே இலண்டன் விலங்கியற் கழகத்தினருமாவர்.