லெமான் ஏரிக்கரையில் இரு நகரங்கள்

ஸ்விட்ஸர்லாந்துக்குப் பிரயாணம் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கையிலுள்ள நாட்களும் பணமும் அளவுபட்டவையே ஆதலால், லெமான் ஏரியின் கரையில் ஏதேனும் ஓர் ஊரில்தான் தங்க இயலும் என்ற நிலை ஏற்படுகிறது. அப்போது ஜெனீவாவில் தங்குவதா, லோசானில் தங்குவதா என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர் தூரந்தான். ரயில் முக்கால் மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பேசும் மொழி இரண்டிலும் பிரெஞ்சே. இரண்டும் ஒரே நீர்ப்பரப்பை நோக்கி நிற்பவை. எங்கே தங்கினால் என்ன என்று பிரயாண ஏற்பாடு செய்பவர்கள் சொல்லிவிடுவதும் உண்டு. ஆனால் அவ்விரு நகரங்களின் சரித்திரத்தைச் சிரத்தையோடு படித்தவருக்கு அப்படிச் சொல்ல மனம் வராது. அவற்றின் குணங்கள் வேறு. அந்த வேற்றுமை தோன்றிய ஆண்டைக்கூட நாம் திட்டமாகக் குறிப்பிட முடியும். அது 1536.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளிலிருந்து கலங்கி வரும் ரோன் நதி, ஏரியின் கிழக்குக் கோடியிலே புகுந்து, 580 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறக்குறைய 310 மீட்டர் ஆழமும் உள்ள அந்த நீர்நிலையில் தன் வண்டலையெல்லாம் படியவிட்டு, மேற்குக் கோடியில் தெளிந்த பிரவாகமாக வெளியேறுகிறது. அந்த வாயிலில் அமைந்த ஊர் ஜெனீவா. நதி குறுகிய இடத்தில் பாலம் அமைந்தது. பாலம் அமைந்த இடத்துக்கு வர்த்தகரும் வந்தனர், படைகளும் வந்தன. கி.மு. 58-ஆம் ஆண்டில் ஜூலியஸ் சீஸர் விரைந்து வந்து அந்தப் பாலத்தை இடித்து ஹெல்வேஷியர் என்ற குலத்தாரைத் தடுத்த செய்தியைத் தம்முடைய யுத்த சரித்திரத்தின் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். லோசானுக்கு அத்தகைய பாலமும் இல்லை, வாயிலும் இல்லை. ரோமர் காலத்தில் லூஸொன்னா என்ற பெயருடன் ஏரியின் விளிம்பிலே, இன்று விடி என்று வழங்கும் இடத்தில் இருந்த அவ்வூரின் மக்கள், சாம்ராஜ்யம் தளர்ந்து வடக்கிலிருந்து படையெடுப்புகள் நேரத் தொடங்கியதும், மேலேயிருந்த குன்றின்மீது ஏறிக் குடிகொண்டார்கள். அன்று ஏறிய ஊர் மறுபடி இறங்கவில்லை. ஊஷி என்ற துறை மட்டும் கீழே நீரோரத்தில் இருக்கிறது. லோசானில் நடப்பவர் ஏறிக்கொண்டாவது இறங்கிக்கொண்டாவது இருக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியோர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இடைக்காலத்தில் இரண்டு நகரங்களையும் பிஷப்புகளே ஆண்டார்கள். அக்காலத்தில் லோசானின் கீர்த்தியே பெரிது என்று சொல்லலாம். அதன் கதீட்ரல் 1275-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது போப் பத்தாம் கிரெகரி தாமே வந்திருந்தார். ஹாப்ஸ்பர்க் வம்சத்து ருடால்ஃப் மன்னரும் உடனிருந்தார். 1405-இல் ஊரில் பெருந்தீ மூண்டது. மரவீடுகள் நெருங்கிய குன்று நகரத்தில் தீயைப்போலக் கொடிய பகை வேறில்லையாதலால், கதீட்ரலின் கோபுரத்தில் இராக்காவலன் ஒருவன் நிற்பதும், இரவு பத்து மணி முதல் இரண்டு மணிவரை ஒவ்வொரு மணிக்கும் நான்கு திசைகளையும் நோக்கி நேரத்தைக் கூவி அறிவிப்பதும் அங்கே வழக்கமாக நிலைபெற்றன. கடிகாரங்கள் பெருகித் தீயணைக்கும் படைகளும் ஏற்பட்ட பின்னும் அவ்வூரார் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை; 2021-இல் முதன்முறையாக ஒரு பெண்மணி அந்தப் பதவிக்கு நியமனம் பெற்றார்.

இனி 1536-க்கு வருவோம். ஏரியைச் சூழ்ந்த நாடு முழுவதும் அப்போது சவாய்ப் பிரபுவின் கையில் இருந்தது. ஜெனீவாவையும் தம் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொள்ள அவர் முயன்று முற்றுகையிட்டிருந்தார். ஜெனீவா மக்கள் தங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டிருந்த பெர்ன் நகரத்தாரை உதவிக்கு அழைத்தார்கள். பெர்ன் படை வந்தது, முற்றுகை நீங்கியது, ஜெனீவா சுதந்திரக் குடியரசாயிற்று. அதே படைதான், அதே ஆண்டில், லோசானைச் சூழ்ந்த வோ நாடு முழுவதையும் கைப்பற்றி அந்நகரத்துக்குள்ளும் புகுந்து, பிஷப்பைத் துரத்தி, கதீட்ரலின் பொன்னையும் பட்டையும் சித்திரத் திரைகளையும் வண்டிகளில் ஏற்றிப் பெர்னுக்குக் கொண்டுபோயிற்று. ஒரே சேனை ஒரு நகரத்துக்கு விடுதலையையும் மற்றொன்றுக்கு அடிமைத்தனத்தையும் கொடுத்த விசித்திரம் இது. பின்வந்த 260 ஆண்டுகளின் கதை முழுவதும் இந்த ஓர் ஆண்டிலிருந்து கிளைத்தது என்றே நான் கருதுகிறேன்.

விடுதலை பெற்ற ஜெனீவாவுக்கு அந்த ஆண்டிலேயே மதச் சீர்திருத்தக்காரர் ஜான் கால்வின் வந்து சேர்ந்தார். 1538-இல் ஊரார் அவரைப் பிரஷ்டம் செய்தார்கள். 1541-இல் தாங்களே திரும்ப அழைத்தார்கள். 1564-இல் மரிக்கும்வரை அவர் அங்கேயே இருந்து அந்த நகரத்தை ஒரு மடத்தைப்போல் கட்டுப்படுத்தினார். நடனம் கூடாது, சூது கூடாது, ஆபரணம் கூடாது என்றெல்லாம் விதிகள் பிறந்தன. அதே சமயத்தில் பிரான்ஸிலும் இத்தாலியிலும் மதத்தின் பொருட்டு வேட்டையாடப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஆசிரயம் புகுந்தனர். அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தங்கள் தொழில்களையும் கொண்டுவந்தார்கள். நகை செய்தல் தடைப்பட்டதால் வேலையிழந்த பொற்கொல்லரின் நுண்ணிய கைத்திறமும், வந்தவர்களுடைய கடிகாரக் கலையும் ஒன்றுகூடி ஒரு புதிய கைத்தொழிலை வளர்த்தன. 1601-இல் கடிகாரத் தொழிலாளர் சங்கம் அங்கே நிறுவப்பட்டது. கல்விச் செல்வமும் அவ்வாறே சேர்ந்தது. லோசானில் கிரேக்கம் கற்பித்துவந்த தியோடர் பெஸா 1558-இல் ஜெனீவாவுக்குப் பெயர்ந்து, மறு ஆண்டு கால்வின் நிறுவிய வித்தியாசாலைக்கு முதல் தலைவரானார். லோசானின் மதகுரு வீரேயைப் பெர்ன் அதிகாரிகள் நாடு கடத்தியபோது வேறு பல ஆசிரியர்களும் வெளியேறி ஜெனீவாவையே அடைந்தார்கள்.

சுதந்திரத்தைக் காப்பதற்கு மதில் வேண்டியிருந்தது. 1602 டிசம்பரில், நெடிய இரவொன்றில், சவாய்ப் பிரபுவின் வீரர்கள் ஏணிகளைச் சார்த்தி மதில் ஏறினார்கள். ஊரார் விழித்துக்கொண்டு, கிடைத்த ஆயுதத்தை எடுத்துத் தெருத்தெருவாகப் போரிட்டு அவர்களை விரட்டினார்கள். 18 ஜெனீவாவாசிகள் உயிரிழந்தனர். ரொயோம் அம்மாள் என்ற ஒரு குடும்ப ஸ்திரீ, அடுப்பிலே கொதித்துக்கொண்டிருந்த காய்கறிச் சூப்பை அண்டாவோடு தூக்கிப் பகைவர் தலையில் கொட்டினாள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 12-ஐ ஒட்டி, சாக்லேட்டில் வார்த்த அண்டாவை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கிவைத்து, குடும்பத்தில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து உடைத்துத் தின்று அந்த வெற்றியைக் கொண்டாடுகிறார்கள். காத்த மதிலே சில சமயம் தன் மக்களை வெளியே நிறுத்தியதும் உண்டு. 1728-இல், பதினைந்து வயதுப் பையன் ஒருவன், செதுக்குவேலை பயின்றுகொண்டிருந்தவன், ஞாயிற்றுக்கிழமை உலாவிவிட்டு வந்தபோது கோட்டை வாயில் சாத்தப்பட்டிருக்கக் கண்டு, எஜமானரின் அடிக்குப் பயந்து, ஊரையே விட்டுப் போய்விட்டான். அவன்தான் ரூஸோ. 1762-இல் அவருடைய நூல்களை அந்நகரத்து அதிகாரிகள் தீயிலிட்டார்கள். அவர் பெயரால் ரோன் நதித் தீவில் சிலை எழுந்தது 1835-இல்.

லோசானின் கதியோ வேறு. குன்றின் உச்சியிலிருந்த பிஷப்பின் கோட்டையில் பெர்னின் அதிகாரி வந்து உட்கார்ந்தார். 1723-இல் மேஜர் டாவெல் என்ற வீரர் சுமார் 600 பேருடன் நகரத்துக்குள் வந்து, பெர்னின் ஆட்சியை உதறிவிடும்படி நகர சபையாரை வேண்டினார். தம்மைப் பின்தொடர்ந்த சிப்பாய்களுக்குக்கூட நோக்கத்தை அவர் சொல்லவில்லை. யாருடைய இரத்தமும் சிந்தக் கூடாது என்பது அவர் சங்கல்பம். சபையார் இசைபவர்போல் பேசி அவரை உபசரித்துவிட்டு, இரவோடு இரவாகப் பெர்னுக்குச் செய்தி அனுப்பினார்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி, ஏரிக்கரையிலுள்ள விடி என்ற அந்த இடத்தில், அவருடைய தலை வெட்டப்பட்டது. அந்தத் தியாகியின் சிலை இன்று அதே கோட்டையின் அருகில் நிற்கிறது. ஜெனீவா செல்லும் நம்மவர்கள் கால்வினைப் பற்றிக் கேட்டறிகிறார்கள். டாவெலைப் பற்றி லோசானில் ஒருவரும் விசாரிப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

அரசியலில் இடம் மறுக்கப்பட்ட லோசானின் மேற்குடியினர், தங்கள் திறமையையும் பொழுதையும் சம்பாஷணையிலும் சங்கீதத்திலும் நாடகத்திலும் விருந்தோம்பலிலும் செலவிட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு கல்வி கற்பிப்பதும் அவ்வூரில் ஒரு ஜீவனோபாயமாக வளர்ந்தது. இவ்வண்ணம் 1753-இல் வந்த ஒரு மாணாக்கர்தான் எட்வர்டு கிப்பன். கத்தோலிக்க மதத்தைத் தழுவிவிட்டார் என்று கோபங்கொண்ட தந்தை, பதினாறு வயது மகனை லோசானிலுள்ள ஒரு புராட்டஸ்டண்டு பாதிரியாரின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வால்டேரும் அந்தக் காலத்தவரே. 1755-இல் ஜெனீவாவின் புறத்தே மாளிகை வாங்கிய அவர், அங்கே நாடகம் நடத்தக் கூடாதென்று மதகுருமார் தடுத்ததும், குளிர்காலங்களில் லோசானுக்கு வந்து தம் நாடகங்களைத் தாமே நடித்து அரங்கேற்றினார். அவற்றைக் கண்டு களித்த கூட்டத்தில் இளைஞர் கிப்பனும் இருந்தார். 1783-இல் கிப்பன் லண்டனை விட்டு லோசானுக்கே திரும்பி வந்து, 1787 ஜூன் 27-ஆம் தேதி இரவு, தோட்டத்துச் சிறு மண்டபத்தில் அமர்ந்து, ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியைப் பற்றிய தம் மகா கிரந்தத்தின் கடைசிப் பக்கத்தை எழுதி முடித்தார். 1816-இல் பைரன் அந்தத் தோட்டத்தைத் தேடிச் சென்று கண்டார்; ஊஷியில் தங்கியிருந்தபோதே ஷியோன் கோட்டைக் கைதியைப் பற்றிய காவியத்தையும் எழுதினார். 1846-இல் டிக்கன்ஸ் சில மாதங்கள் அங்கே வாசம் செய்து ஒரு பெரிய நாவலைத் தொடங்கினார்.

1798-இல் வோ நாடு பெர்னின் ஆட்சியிலிருந்து விடுபட்டது. அதே ஆண்டில் ஜெனீவா பிரான்ஸோடு இணைக்கப்பட்டுத் தன் சுதந்திரத்தை இழந்தது. 1803-இல் வோ ஸ்விஸ் கூட்டாட்சியில் ஒரு கான்டனாயிற்று; ஜெனீவா 1815-இல்தான் சேர்ந்தது. பிறகு 1823-இல் முதல் நீராவிக் கப்பல், 1858-இல் ரயில், 1861-இல் ஊஷியின் பெரிய ஹோட்டல் என்று பிரயாணிகளுக்குரிய வசதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜெனீவா 1849 முதல் தன் மதில்களை இடித்து ஏரியை நோக்கி வீதிகளை விரித்தது. 1863-இல் செஞ்சிலுவைச் சங்கம் அங்கே பிறந்தது. 1920-இல் சர்வதேச சங்கம் அங்கே வந்து அமர்ந்தது. லோசானுக்கு உச்ச நீதிமன்றமும், 1915-இல், ஒலிம்பிக் போட்டிகளைப் புதுப்பித்த கூபர்ட்டன் பிரபுவால் ஒலிம்பிக் கமிட்டியும், 1923-இல் துருக்கியோடு செய்யப்பட்ட சமாதான உடன்படிக்கையும் கிடைத்தன. அந்தக் கூபர்ட்டன் 1937-இல் காலமானது ஜெனீவாவில், அடக்கமானது லோசானில்.

இந்தியராகிய நமக்கு இந்தக் கரை அந்நியமன்று. நாடு கடந்து வாழ்ந்த தேசபக்தர் சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1930-இல் ஜெனீவாவில் உயிர் நீத்தார். அவருடைய அஸ்தி 2003-இல்தான் தாயகம் வந்து சேர்ந்தது. விட்டல்பாய் பட்டேல் 1933-இல் மரித்த சிகிச்சை நிலையம் இரு நகரங்களுக்கும் இடையே கிளாண்ட் என்ற ஊரில் இருக்கிறது. 1936 பிப்ரவரி 28-ஆம் தேதி, கணவர் ஜவஹர்லால் நேரு அருகிலிருக்க, கமலா நேரு லோசானில் கண் மூடினார். 1931 டிசம்பரில், லண்டன் வட்டமேஜை மாநாட்டிலிருந்து வெறுங்கையராய்த் திரும்பிய காந்தியடிகள், ஏரியின் கிழக்குக் கோடியில் வில்நவ் என்ற ஊரில் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமேன் ரோலந்தின் அண்டையில் சில நாட்கள் தங்கி, 8-ஆம் தேதி லோசானிலும் 10-ஆம் தேதி ஜெனீவாவிலும் பேசினார். கடவுளே சத்தியம் என்பதிலிருந்து சத்தியமே கடவுள் என்பதற்குத் தாம் வந்து சேர்ந்த வழியை அவர் விளக்கியது லோசான் கூட்டத்தில். ஆயுதமற்ற நடுநிலை நாடு என்ன செய்ய முடியும் என்ற வினாவுக்கு அவர் விடை கூறியது ஜெனீவாவில்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால், ஜெனீவா உலகத்தின் காரியங்கள் நடக்கும் ஊர், லோசான் மனிதர் தங்கி வாழ்வதற்கென்று தன்னைப் பழக்கிக்கொண்ட ஊர் என்பது என் முடிவு. ஜெனீவாவில் காண வேண்டியவை கால்வின் பிரசங்கித்த ஆலயம், பழைய நகரத்து வீதிகள், ரூஸோவின் தீவு, 140 மீட்டர் உயரம் பீச்சும் நீரூற்று, செஞ்சிலுவைச் சங்கத்தின் காட்சிச்சாலை ஆகியவை. ஒரு முழுப் பகல் இவற்றுக்குப் போதும். லோசானை ஒரு பகலில் பார்த்துவிட முடியாது. கோபுரத்துக் காவலரின் குரல் இரவில்தான் கேட்கும். ஆதலால் லோசானில் அறை அமர்த்திக்கொள்ளுங்கள். காலை ரயிலில் ஜெனீவா சென்று, கோடைகாலமாயின் மாலையில் ஏரிக் கப்பலில் ஊஷிக்குத் திரும்புங்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் செல்கிறவர்கள் மட்டும் இந்த ஏற்பாட்டை மாற்றி, மதில் காத்த விழாவின்பொருட்டு ஜெனீவாவிலேயே தங்க வேண்டும்.