காந்தி மார்க்கெட் ஏன் நகரவில்லை?

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கத்தில் நிற்கிற மணிக்கூண்டு, முதல் உலகப் போருக்குப் போன இந்த ஊர் ஆட்களின் நினைவாகக் கட்டியது. மார்க்கெட்டுக்குள் இருப்பவர்கள் யாரும் அதைப் பார்த்து மணி தெரிந்துகொள்வதில்லை. வெளியூர் லாரி வந்தால் ராத்திரி, வாழைத்தார் ஏலம் முடிந்தால் விடிகாலை, சில்லறைக் கூட்டம் கூடினால் பகல். அவ்வளவுதான் அங்கே கடிகாரம்.

எங்களுக்குச் சமயபுரம். மாரியம்மன் கோயில் பக்கம் அர்ச்சனைத் தட்டுக் கடை. தேங்காய், பழம், எலுமிச்சை, அரளி எல்லாம் அப்பா காலத்திலிருந்தே காந்தி மார்க்கெட் சரக்குதான். 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தைத் தாண்டிப் போய் அவர் வாங்கினார். 2018 வெள்ளத்தில் அந்தப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுவதற்கு முன்பே நான் புதுப் பாலத்துக்கு மாறியிருந்தேன். மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கியதும் அரளியும் மல்லியும் என்ன விலைக்குப் போகும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பக்தர்களுக்காக அம்மன் 28 நாள் பச்சைப்பட்டினி கிடப்பாள். கடைக்காரனுக்கு அந்த 28 நாளும் தூக்கம் கிடையாது.

இந்த மார்க்கெட்டின் வயதைச் சொல்ல வேண்டுமானால் கோட்டையிலிருந்து தொடங்க வேண்டும். திருச்சிக் கோட்டை மதில் போய்விட்டது. மெயின்கார்டு கேட் மட்டும் மிச்சம். அகழியும் மதிலும் இருந்த வழியில்தான் இன்றைய புலிவார்டு சாலைகள் ஓடுகின்றன. 1866-இல் நகராட்சி அமைந்தது. ஓரிரு ஆண்டுக்குள் கோட்டைக்கு வெளியே இந்தச் சந்தையும் வந்துவிட்டது. 1927-இல் நகராட்சித் தலைவர் பி. ரத்தினவேலுத் தேவர் காலத்தில் அதை விரிவாக்கி காந்தி பெயர் வைத்தார்கள். காந்தி தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சுற்றிய வருடம் அது. தேவர் ஹால் என்று இன்றும் சொல்கிறோமே, அது இந்தத் தேவர் பெயரில்தான்.

தோக்கியோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் அழைத்து, அங்கே தோயோசு மீன் சந்தையைப் பார்க்கப் போனபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கோட்டைதான். அந்தச் சந்தையும் ஒரு கோட்டையை ஒட்டி வளர்ந்தது. ஜப்பானிய ஆட்சித் தலைவர் தொகுகாவா இயேயாசு, இன்றைய தோக்கியோவான எதோ நகருக்கு வந்தபோது ஒசாகா பக்கத்து மீனவர்களையும் வரவழைத்தார். கோட்டைச் சமையலுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய மீனை அவர்கள் நிஹோன்பாஷி பாலத்தருகே விற்றார்கள். சந்தை அங்கே முந்நூறு வருடத்துக்கு மேல் நடந்தது. 1923 செப்டம்பர் 1 பூகம்பத்தில் எல்லாம் எரிந்துபோனதால் சுகிஜிக்கு மாற்றி, 1935-இல் முறையாகத் திறந்தார்கள். உலகம் முழுக்கப் பேர் வாங்கியது அந்தச் சுகிஜிதான்.

பேர் வாங்கியதில் ஒரு தொல்லையும் வந்தது. விடிகாலை சூரை மீன் ஏலத்தைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் குவிந்தார்கள். மீனைத் தொடுவதும் பிளாஷ் அடிப்பதுமாக வியாபாரத்தையே கெடுத்தார்கள். 2008 டிசம்பரில் கொஞ்ச நாள் பார்வையாளர்களை அறவே நிறுத்தினார்கள். பிறகு ஒரு நாளைக்கு 120 பேர் என்று அளவு வைத்தார்கள். சுகிஜிக்குப் பதிலாக வந்த தோயோசுவில் அந்தச் சிக்கலே இல்லை. நாம் மேலே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறோம். கீழே வால் நறுக்கிய மீன்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வாங்குபவர்கள் டார்ச் அடித்து வால் சதையைப் பார்க்கிறார்கள், துளி கிள்ளி விரலில் தேய்த்துக் கொழுப்புப் பதம் பார்க்கிறார்கள். மணி அடித்ததும் ஏலக்காரர் ராகம் போட, இவர்கள் விரல் காட்ட, கண் மூடித் திறப்பதற்குள் மீன் கைமாறிவிடுகிறது. 2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ மீன் ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. விரல் கணக்கு நமக்குப் புதிதில்லை. மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்தே விலை முடிப்பார்கள். அங்கே விரலை ஊரறியக் காட்டுகிறார்கள், நாம் மறைக்கிறோம்.

சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். ஆனால் வாசனை இல்லாத மீன் சந்தையில் எனக்கு என்னவோ பசிகூட எடுக்கவில்லை. காந்தி மார்க்கெட்டில் "ஓரம், ஓரம்" என்று மூட்டையோடு வரும் லோடுமேன் உங்களை இடித்துத் தள்ளிவிட்டுப் போவார். அந்த இடியில்தான் சந்தைக்குள் இருக்கிறோம் என்பது உறைக்கும்.

தோயோசு, சுகிஜியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த இரண்டு கிலோமீட்டரைக் கடக்க அவர்களுக்கு 17 வருடம் ஆனது. 2001-இல் முடிவெடுத்தார்கள். புது இடம் பழைய எரிவாயுத் தொழிற்சாலை நிலம், மண்ணில் பென்சீன் கிடந்தது. 2016 நவம்பரில் மாற வேண்டியதை தோக்கியோ ஆளுநர் கொய்கே யூரிகோ நிறுத்தி வைத்தார். சுகிஜி 2018 அக்டோபர் 6-ஆம் தேதி மூடி, தோயோசு 11-ஆம் தேதி திறந்தது. அப்போதும் சந்தையை ஒட்டியிருந்த வெளிச்சந்தைக் கடைகள் சுகிஜியை விட்டு நகரவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

நம் ஊரில் என்ன செய்தார்கள்? மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் காய், கனி, பூவுக்கு மத்தியச் சந்தை கட்டி 2017-இல் திறந்தார்கள். கடைகள் ஆயிரம். காந்தி மார்க்கெட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல். வியாபாரிகள் போகவில்லை. கடை சின்னது, தூரம் அதிகம் என்றார்கள். விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. 2020-இல் கொரோனாவுக்காகக் காந்தி மார்க்கெட்டை மூடியபோது பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் ராத்திரியில் வியாபாரம் நடந்ததே தவிர, கள்ளிக்குடிக்கு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நவம்பரில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

பிடிவாதம் என்று பத்திரிகைகள் எழுதின. நான் அப்படி நினைக்கவில்லை. மண்டிக்காரர் தோட்டக்காரருக்கு முன்பணம் கொடுத்திருப்பார். என்னைப் போன்ற கடைக்காரன் சிட்டை எழுதிவிட்டுச் சரக்கை எடுத்துப் போய், விற்றுவிட்டுத்தான் பணம் கட்டுவான். நான் நாளைக்கும் வருவேன் என்ற நம்பிக்கையில் அந்தப் பாக்கி ஓடுகிறது. லால்குடிக்காரனுக்கும் சமயபுரத்துக்காரனுக்கும் காந்தி மார்க்கெட் பாதி ராத்திரியில் போய் விடிவதற்குள் கடை திறக்கத் திரும்பிவிடும் தூரம். இன்னும் பத்து கிலோமீட்டர் தெற்கே தள்ளினால் ஊரைக் குறுக்கே தாண்ட வேண்டும். வண்டி வாடகை பழத்தின் விலையில்தான் ஏறும்.

அதற்காக எதுவுமே மாறாது என்று சொல்லவில்லை. வெங்காய மண்டி பால்பண்ணைக்குப் போய் நன்றாகவே நடக்கிறது. புத்தூர் மீன் மார்க்கெட் குழுமணி சாலை காசிவிளங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. லாரி சுலபமாக வந்து திரும்புகிற இடம் என்றால் வியாபாரி தானே போவான்.

இப்போது பஞ்சப்பூர் பேச்சு. 2025 மே மாதம் அங்கே புது பஸ் முனையம் திறந்தாயிற்று, பக்கத்திலேயே காய்கறிச் சந்தையும் வரப்போகிறது. அங்கே கடைக்கு அளவு போடும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சொரிதல் சமயத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டிக்கு வாருங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாரை இறக்கி, ஏலம் விட்டு, எடை போட்டு, ஆட்டோவில் ஏற்ற எத்தனை அடி இடம் வேண்டும் என்று லோடுமேன்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கப்புறம் வரைபடம் போடுங்கள்.