திருச்சி யாருக்கு, புடாபெஸ்ட் யாருக்கு?

போன வருஷம் மழைக்காலத்தில் இடையஞ்சாவடியில் ஒரு வாடகை வீட்டில் ஏழு பேர் கூடி டிப்ளமசி ஆடினோம். ஆறு மணி நேரம் ஓடியது. முடிந்ததும் என் கல்லூரி நண்பன் ஒருவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். அடுத்த இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. முப்பது வயதுக்கு மேல் ஒரு போர்டு கேமுக்காகச் சண்டையா என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு என் மேல்தான்.

டிப்ளமசியைக் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆலன் கால்ஹமர் என்ற அமெரிக்கர் 1954-இல் உருவாக்கி, 1959-இல் சொந்தக் காசில் 500 பிரதிகள் வெளியிட்ட ஆட்டம் இது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா வரைபடமாக விரிந்திருக்கும். ஏழு வல்லரசுகளுக்கு ஏழு பேர். வரைபடத்தில் 34 சப்ளை சென்டர்கள் உண்டு. 18 யார் கையில் வருகிறதோ அவர் வென்றார். பகடை கிடையாது, எனவே தாயம் விழவில்லை என்று விதியைத் திட்ட முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் யாரும் யாரையும் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசலாம், வாக்குக் கொடுக்கலாம். பிறகு எல்லோரும் தங்கள் உத்தரவுகளை ரகசியமாகச் சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். பேசியதைத்தான் எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நான் துருக்கி, அவன் ரஷ்யா. இந்த இரண்டும் சேர்ந்தால் அந்தக் கூட்டணிக்கு 'ஜக்கர்நாட்' என்று பெயர். பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து வந்த சொல். தேர் போல நசுக்கிக்கொண்டே மேற்கே போகலாம். போனோம். குறுக்கே ஆஸ்திரியா இருந்தது. "ஆஸ்திரியா விழுந்ததும் புடாபெஸ்ட் உனக்குத்தான் மச்சான்" என்று அவனிடம் சொன்னேன். பின்பக்கத்திலிருந்து உதவி தேவைப்பட்டதால், இத்தாலியாக ஆடிய அக்காவிடமும் அதே புடாபெஸ்ட்டைச் சொல்லிவைத்தேன். ஆஸ்திரியா விழுந்தது. புடாபெஸ்ட்டில் என் படை உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் வந்து கேட்டார்கள். அன்றைய இலையுதிர் சுற்றில் நான் யாருக்கும் கொடுக்காமல், நண்பன் காவல் வைக்காமல் விட்டிருந்த செவஸ்தபோலுக்குள் படையை அனுப்பினேன். சீட்டைப் பிரித்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பேசாத அந்த வாரங்களில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். இடையஞ்சாவடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரியில் எழுதப்பட்டது அது. பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேவின் துபாஷி. 1736 முதல் 1761-இல் இறக்கும்வரை, யார் வந்தார், என்ன கொடுத்தார், என்ன கேட்டார் என்று தமிழில் எழுதிக்கொண்டே போகிறார். அதோடு கர்நாடகப் போர்களின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தபோது, நான் ஆடிய ஆட்டத்தை இந்தக் கரையில் முன்பே ஆடி முடித்துவிட்டார்கள் என்று புரிந்தது. (அன்று 'கர்நாடகம்' என்றால் ஆற்காட்டு நவாபின் சீமை, அதாவது நம் பக்கம்.)

கதை 1748-இல் ஹைதராபாத் நிஜாம் இறந்ததில் தொடங்குகிறது. மகன் நாசிர் ஜங்குக்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்குக்கும் வாரிசுச் சண்டை. ஆற்காட்டுப் பதவிக்கு அன்வருதீனும் சந்தா சாகிபும் மோதினார்கள். முசாபர், சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர் ஒரு அணி. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருதீன் கொல்லப்பட, மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் ஓடினார். இங்கிலீஷ் கம்பெனி அவர் பின்னால் நின்றது.

இங்கே மூன்று சம்பவங்களைப் பார்க்க வேண்டும். மூன்றுமே வெற்றிக்கு மறுநாள் நடந்தவை.

முதலாவது செஞ்சிப் பக்கம். 1750-இல் நாசிர் ஜங் பெரும்படையோடு வந்து முசாபரைச் சிறைப்பிடித்திருந்தார். ஆனால் அவர் முகாமிலேயே இருந்த கடப்பை, கர்நூல், சாவனூர் நவாபுகள் டியூப்ளேவோடு ரகசியமாகக் கடிதம் நடத்திக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் பிரெஞ்சுப் படை முகாமைத் தாக்கிய காலையில், நாசிர் ஜங்கைச் சொந்த அணியின் நவாப் ஒருவரே சுட்டுக் கொன்றார். சிறையிலிருந்த முசாபர் அதே நாளில் தக்காணத்துக்கு அதிபதி. புதுச்சேரியில் பெரிய விழா. உடனே நவாபுகள் பட்டியலை நீட்டினார்கள்: கப்பத்தில் தள்ளுபடி, கூடுதல் நிலம், கஜானாவில் பங்கு. டியூப்ளே நடுவில் உட்கார்ந்து குறைத்துப் பேசி முடித்தார். இரண்டு மாதம் கழித்து, ஹைதராபாத் போகும் வழியில் ராயச்சோட்டிக்கு அருகில் அதே நவாபுகள் கிளர்ந்தார்கள். அந்தச் சண்டையில் முசாபரும் செத்தார், கர்நூல் நவாபும் செத்தார்.

இரண்டாவது ஸ்ரீரங்கம், 1752 ஜூன். திருச்சியை முற்றுகையிட்டிருந்த சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் இப்போது தாங்களே முற்றுகைக்குள். எதிரே முகமது அலி, இங்கிலீஷ்காரர், தஞ்சாவூர், மைசூர், மராத்தியர் முராரி ராவ். சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானாஜியின் வாக்கை நம்பி அவரிடம் சரணடைந்தார். கைதி கிடைத்த உடனே அணிக்குள் சண்டை வந்துவிட்டது. மைசூர் எனக்குக் கொடு என்றது, முராரி ராவ் எனக்கு என்றார், முகமது அலி எனக்கு என்றார், இங்கிலீஷ்காரரும் கேட்டார்கள். யார் கையில் போனாலும் மற்றவர்களுக்கு ஆபத்தான சீட்டு அது. கடைசியில் யாருக்கும் கொடுக்கவில்லை. மானாஜி அவர் தலையை வெட்டச் செய்தார். புடாபெஸ்ட்டை நான் யாருக்கும் கொடுக்காத கணம் இதைப் படித்தபோது நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். மைசூர் எதற்காக அவ்வளவு தூரம் படையோடு வந்தது? அந்த அரசின் கடிவாளத்தைப் பிடித்திருந்த நஞ்சராஜாவுக்கு, நெருக்கடியான நாட்களில் முகமது அலி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வெற்றி கிடைத்தால் திருச்சிக் கோட்டையே மைசூருக்கு. முராரி ராவின் குதிரைப்படைக்குச் சம்பளம் கொடுத்ததும் மைசூர் பணம்தான். இப்போது வெற்றி வந்துவிட்டது. நஞ்சராஜா சாவியைக் கேட்டார். முகமது அலி தவணை கேட்டார், வேறு இடம் தருகிறேன் என்றார், சாக்குச் சொன்னார். திருச்சியைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. அந்தக் கோட்டைதான் அவருடைய முக்கியமான சப்ளை சென்டர்.

1753 தொடக்கத்தில் மைசூரும் முராரி ராவும் வெளிப்படையாகப் பிரெஞ்சுப் பக்கம் வந்துவிட்டார்கள். அதே கோட்டை, அதே காவிரி, நேற்றுக் காப்பாற்ற வந்தவர்களே இன்று முற்றுகை போடுகிறார்கள். 1754 வரை இழுத்தது. மைசூர்ப் படையில் அந்த முற்றுகையைக் கூட இருந்து பார்த்தவர்களில் ஒருவர் ஹைதர் அலி.

கூட்டணிகள் தோல்வியில் உடையும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். தோற்கும்போது ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுகிறார்கள், அதனால் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜெயித்த மறுநாள்தான் பில் வருகிறது. போரின்போது கையில் இல்லாத நிலத்தை எழுதிக்கொடுப்பது சுலபம், ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுப்பது இன்னும் சுலபம். கையில் வந்த பிறகு பிரித்துக் கொடுப்பதுதான் முடிவதில்லை.

முகமது அலி வாக்குக் கொடுத்தபோது பொய் சொன்னாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2022-இல் மெட்டா நிறுவனம் 'சிசெரோ' என்ற செயற்கை நுண்ணறிவை டிப்ளமசி ஆடவிட்டது. மனிதர்களோடு நாற்பது ஆட்டம் ஆடி, முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தது. அந்த நிரல், அந்த நேரத்தில் தான் போட்டு வைத்திருக்கும் திட்டத்தை ஒட்டித்தான் செய்தி அனுப்பும்படி கட்டப்பட்டது. திட்டம் பிறகு மாறலாம். புடாபெஸ்ட் விஷயத்தில் நானும் அப்படித்தான். நண்பனிடம் சொன்னபோது மனசார அவனுக்குத்தான் சொன்னேன். அக்காவிடம் சொன்னபோதும் மனசாரத்தான்.

சரி, முகமது அலி ஜெயித்தாரா? நவாபாக 1795 வரை வாழ்ந்தார். சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். ஆனால் மைசூர் மாதிரி ஒரு கூட்டாளியை இழந்தவருக்கு மிஞ்சியது கம்பெனி ஒன்றுதான். கம்பெனிப் படைக்குப் பணம், பணத்துக்குக் கடன், கடனுக்கு அடமானமாக ஊர் ஊராக வரி வருவாய். ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் ஆவேசமாகப் பேசும் அளவுக்கு அது வளர்ந்தது. 1801-இல் கம்பெனி சீமையையே எடுத்துக்கொண்டது. போர்டில் ஆட்டம் முடிந்ததும் டப்பாவை மூடிவிடலாம். அவருக்கு அந்த வசதி இல்லை.

மரக்காணத்துக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டிப் போனால் ஆலம்பரைக் கோட்டை வரும். 1750-இல், அந்த வெற்றிக் களிப்பில், பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்த பரிசுகளில் ஒன்று. 1760-இல், வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்ற அதே வருஷம், இங்கிலீஷ்காரர் பிடித்து இடித்தார்கள். பத்து வருஷத்தில் கொடி இரண்டு முறை மாறியது. உப்புப் பாத்தியில் நின்றவர்களிடம் இதில் யாரும் வந்து பேசவில்லை. போர்டில் சப்ளை சென்டர் வெறும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் யார் வெயிலில் நிற்கிறார்கள் என்று ஆடுகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

தை மாதம் நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். ஆலம்பரை போகலாமா என்று கேட்டேன், மன்னிப்பும் கேட்டேன். பைக்கில் வந்தான். இடிந்த சுவர் மேல் உட்கார்ந்து நஞ்சராஜா கதையை முழுக்கச் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அக்காகிட்ட எப்போ சொன்னே? எனக்குச் சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றான்.

பின்னாடி என்றேன். கொஞ்ச நேரம் கழிமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ முதல்ல எனக்குத்தான்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஆடுகிறோம். இந்த முறை நான் ஆஸ்திரியா.