பாகவதரை வீழ்த்தியது வழக்கா, வசனமா?

பாடும் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதரின் சரிவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. 1944 நவம்பரில் ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் அடுத்த மாதம் பாகவதர் கைதானார். 1945இல் ஜூரி விசாரணையில் தண்டனை பெற்றார். பிரிவி கவுன்சில் வரை போன மேல்முறையீட்டுக்குப் பின் 1947 ஏப்ரலில் விடுதலையானார். வெளியே வந்தபோது மக்கள் அவரை மறந்திருந்தார்கள் என்று கதை முடியும்.

இந்த வாசிப்பை ஆங்கிலம் அறிந்த வாசகரிடையே வேரூன்றச் செய்தவர் ராண்டார் கை. சட்டம் படித்தவர், திரைப்பட வரலாற்றோடு பழைய கொலை வழக்குகளையும் விரும்பி எழுதியவர். லட்சுமிகாந்தன் வழக்கைப் பற்றி அவர் பலமுறை எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் எழுதியவர்கள் அவரிடமிருந்துதான் எடுத்தார்கள். அவர் எழுத்தில் மஞ்சள் பத்திரிகை, மிரட்டல், கை ரிக்‌ஷா, கத்தி, நீதிமன்றம் எல்லாம் கண்முன் வருகின்றன. படித்து முடிப்பவர் மனதில் பாகவதரின் பாட்டைவிட வழக்குதான் தங்குகிறது. வழக்கைச் சொல்வதில் அவருக்கு இணை கிடையாது. ஆனால் ஒரு நடிகரின் சந்தை ஏன் சரிந்தது என்ற கேள்விக்கு வழக்குக் கட்டு விடை தராது. குற்றமும் தண்டனையும் நாடகத்துக்கு இசைவானவை என்பதால், இடையில் இருக்கும் சினிமா கண்ணில் படாமல் போகிறது.

முதலில் ‘ஹரிதாஸ்’. 1944 அக்டோபர் 16, தீபாவளியன்று வெளியாயிற்று. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது என்பது தமிழ் சினிமா பேசும் எல்லோருக்கும் மனப்பாடம். இது பேச்சுவழக்கில் ‘மூன்று வருடம் ஓடியது’ என்றும் ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. வெளியான நாளே முதல் தீபாவளி. இரண்டாவது 1945 நவம்பர் தொடக்கத்தில் வந்தது. மூன்றாவது 1946 அக்டோபர் நான்காம் வாரத்தில் வந்தது. ஆக, 106 வாரம் ஓடினாலே மூன்று தீபாவளி கணக்கு நேராகிவிடும். அச்சில் வந்த எண்களில் 110 வாரம் என்பதும் 114 வாரம் என்பதும் அடிக்கடி தென்படுகின்றன. முன்னதை எடுத்தால் படம் 1946 நவம்பர் கடைசியில் தூக்கப்பட்டிருக்கும். பின்னதை எடுத்தால் டிசம்பர் நான்காம் வாரத்தில். மூன்று வருடம் என்றால் 1947 அக்டோபர் வரை போக வேண்டும். அப்படியென்றால் பாகவதர் விடுதலையாகி வெளியே வந்து தன் படத்துக்குத் தானே டிக்கெட் எடுத்துப் பார்த்திருக்கலாம்! கதைக்கு அழகுதான், ஆனால் அச்சில் வந்த 110, 114 வாரக் கணக்குகள் அதற்கு இடம் தரவில்லை.

110, 114 இரண்டில் எது சரி என்பதை இக்கட்டுரை தீர்த்துவைக்கவில்லை. வாதத்துக்கு அது தேவையும் இல்லை. எந்தக் கணக்கை எடுத்தாலும் கைது, விசாரணை, தண்டனை, முதல் மேல்முறையீடு தள்ளுபடி என்று ஒவ்வொன்றும் நடந்தபோது சென்னை நகரத்தில் ஜனங்கள் காசு கொடுத்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொலை வழக்கு ஒரு நடிகரின் செல்வாக்கை அழித்தது என்றால், அந்த அழிவு பிராட்வேயின் டிக்கெட் கவுண்டருக்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று?

இங்கே ஒரு தடை எழும். அது போர்க்காலம். கச்சா பிலிம் கட்டுப்பாடு இருந்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்ற விதி இருந்தது. புதிய படங்கள் குறைந்ததால் பழைய படம் நீடித்தது என்று சொல்லலாம். பாதி உண்மை. மாற்றுப் படம் இல்லாதபோது அரங்க முதலாளி படத்தை மாற்றமாட்டார், சரி. பார்த்தவர் திரும்பத் திரும்ப வந்ததற்கு அது காரணமாகாது.

இன்னொன்று. ‘ஹரிதாஸ்’ கதையின் நாயகன் முன்பாதியில் பட்டுடுத்திக் குதிரையில் வருகிற செல்வச் செருக்கன். நாட்டியக்காரி ரம்பாவாக வரும் டி.ஆர். ராஜகுமாரியிடம் சொத்தை இழக்கிறான். கால்களையும் இழந்து தரையில் தவழ்கிறான். பிறகு தாய் தந்தையரைத் தொழுது மீள்கிறான். 1944 டிசம்பருக்குப் பிறகு இந்தப் படத்துக்கு வந்தவர்கள், வெளியே விலங்கிடப்பட்ட மனிதன் திரையில் விழுந்து எழுவதைத்தான் பார்த்தார்கள். வழக்கு இந்தப் படத்தின் ஓட்டத்தைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். இதற்கு நேரடிச் சாட்சியம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு சொல்லும் ‘மக்கள் வெறுத்தார்கள்’ என்பதற்கும் சாட்சியம் இல்லை. இருக்கும் ஒரே தடயம் ஓடிய வாரங்கள்தான், அது இந்தப் பக்கம் நிற்கிறது.

இரண்டாவது சாட்சி ‘கலைவாணர்’ என்.எஸ். கிருஷ்ணன். அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை. வெளியே வந்த கலைவாணர் 1949இல் அண்ணாவின் கதையில் ‘நல்லதம்பி’ நடித்தார். 1951இல் ‘மணமகள்’, 1952இல் ‘பணம்’ இயக்கினார். 1956இல் ‘மதுரை வீரன்’ வரை தேவைப்பட்ட நடிகராகவே இருந்து 1957இல் மறைந்தார். சிறைக்கறை ஒருவர் மேல் ஒட்டி மற்றவர் மேல் ஒட்டாதிருக்குமா? கதாநாயகனுக்கு ஒரு நியாயம், நகைச்சுவை நடிகருக்கு ஒரு நியாயம் என்று ராண்டார் கை தரப்பு பதில் சொல்லலாம். அந்தப் பதிலை முற்றாகத் தள்ள முடியாது.

அதனால்தான் டி.ஆர். மகாலிங்கத்தையும் கூப்பிட வேண்டியிருக்கிறது. 1945இல் ‘ஸ்ரீவள்ளி’, 1947இல் ‘நாம் இருவர்’ என்று பாடும் நாயகனாக உச்சத்தில் இருந்தவர். எந்த வழக்கிலும் சிக்காதவர். 1950களின் முற்பாதியில் அவரும் ஓரங்கட்டப்பட்டார், 1958இல் ‘மாலையிட்ட மங்கை’ வரும்வரை. சொந்தத் தயாரிப்பில் பட்ட நஷ்டமும் அதில் உண்டு. இன்னொரு பாடும் நாயகனான பி.யு. சின்னப்பா 1951இலேயே காலமாகிவிட்டதால் அவரை வைத்து எதையும் நிறுவ முடியாது.

பாகவதர், கிருஷ்ணன், மகாலிங்கம் மூவரையும் சேர்த்துப் பார்த்தால் சரிந்தது ஒரு தொழில்முறை என்பது விளங்கும். 1934இல் பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாட்டு வரை இருந்தன. நடிகர் என்றால் பாடகர் என்ற காலம் அது. ‘ஸ்ரீவள்ளி’யிலேயே வள்ளியாக நடித்த ருக்மணியின் பாட்டுகளுக்கு பி.ஏ. பெரியநாயகியின் குரலை ஏற்றினார்கள். முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்பது வழக்கமாகிவிட்டால் சாருகேசி ராகத்தை இழைத்துப் பாடத் தெரிந்த நாயகனுக்குத் தனி விலை ஏது? மறுபக்கம் வசனம் வந்தது. 1949இல் ‘வேலைக்காரி’, 1950இல் ‘மந்திரி குமாரி’, 1952இல் ‘பராசக்தி’. பாகவதரின் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் வந்ததும் அதே 1952இல்தான். 1954இல் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ வந்துவிட்டது.

இதைப் பாகவதர் உணரவில்லை என்று சொல்வதும் தவறு. விடுதலைக்குப் பின் முதலில் வந்த ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுத அழைக்கப்பட்டவர் புதுமைப்பித்தன். அதற்காகப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி, 1948 ஜூனில் திருவனந்தபுரத்தில் இறந்தார். படம் அக்டோபரில் வெளியானது, ஓடவில்லை. அதில் துணை வேடத்தில் நடித்தவர் எம்.ஜி. ராமச்சந்திரன். 1941இல் ‘அசோக்குமார்’ படத்திலும் பாகவதருடன் நடித்தவர்தான். ஆனால் 1948இல் அவர் ஏற்கெனவே ‘ராஜகுமாரி’யின் நாயகன்.

வழக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது இக்கட்டுரையின் வாதமல்ல. கைதுக்கும் விடுதலைக்கும் இடையே சுமார் 28 மாதம் போயிற்று. அவருக்கென்று பேசப்பட்ட ‘ஸ்ரீமுருகன்’ ஹொன்னப்ப பாகவதரிடம் போயிற்று. மாறும் சினிமாவோடு சேர்ந்து மாறக் கிடைத்திருக்க வேண்டிய காலம் அதுதான். வழக்கு பறித்தது அந்த அவகாசத்தை, ரசிகர்களை அல்ல. 1957இல் தானே இயக்கிய ‘புதுவாழ்வு’ தோற்றபோது, கொலை வழக்கை நினைத்து யாரும் அரங்கை விட்டு விலகியிருக்கமாட்டார்கள்.

1959 நவம்பர் 1 அன்று பாகவதர் இறந்தார், ‘சிவகாமி’ மறு ஆண்டு வெளிவந்தது. ‘ஹரிதாஸ்’ தூக்கப்பட்ட நாளை உறுதிசெய்ய விரும்புகிறவர்கள் வழக்குக் கட்டுகளை விட்டுவிட்டு, 1946 நவம்பர், டிசம்பர் மாதத்துச் சென்னை நாளிதழ்களின் திரையரங்க விளம்பரங்களை நாள் விடாமல் புரட்ட வேண்டும்.