நெருப்பு நகரத்தின் மண்

சிங்கப்பூர் தன் ஆறுகளைச் சுத்தம் செய்த கதை நமக்குப் பள்ளியிலேயே மனப்பாடம். 1977 பிப்ரவரி 27 அன்று, அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்தார். சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும். 1987இல் வேலை முடிந்தது, அதிகாரிகளுக்குப் பதக்கம் கிடைத்தது. காலாங் படுகையில் மட்டும் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இரண்டு ஆறுகளின் வடிநிலங்களிலிருந்தும் வேறு இடங்களுக்குப் போயின. மறுகுடியமர்வுச் செலவு நீங்கலாக ஏறக்குறைய 170 மில்லியன் வெள்ளி ஆனது.

இந்தக் கதையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மண்ணைத் துளை போட்டுப் பார்ப்பதே பிழைப்பாகிப்போன எனக்கு, அதில் ஒரு விடுபடல் உறுத்துகிறது. கதை தண்ணீரோடு நின்றுவிடுகிறது, கரை ஏறுவதில்லை.

காலாங் கரையில் அப்போது என்ன இருந்தது? லவண்டர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கம்போங் பூகிஸில், காலாங் வாயு ஆலை இருந்தது. 1862இல் ஒரு தனியார் நிறுவனம் கட்டியது. 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளன்று, நகரத் தெருக்களில் முதன்முதலாக வாயு விளக்குகள் எரிந்தன. 1901இல் ஆலை நகராட்சியின் கைக்கு வந்தது, 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் போனது. ஹொக்கியன் பேசிய சீனர்கள் அந்தப் பகுதியை 'நெருப்பு நகரம்' என்றே அழைத்தார்கள். ஆறு சுத்தமாகிவிட்டது என்று அறிவித்து 11 ஆண்டுகளுக்குப் பிறகுதான், 1998இல், ஆலை மூடப்பட்டது.

நிலக்கரியிலிருந்து வாயு எடுப்பது லேசான விஷயம்தான். காற்றுப் புகாத கலனில் கரியைப் போட்டுச் சூடேற்றினால் வாயு பிரியும், கோக் மிஞ்சும். கூடவே கெட்டியான தாரும் அம்மோனியா கலந்த நீரும் வரும். வாயுவிலுள்ள கந்தகத்தையும் சயனைடையும் பிடிக்க இரும்பு ஆக்சைடு படுகைகள் வைப்பார்கள். அது தேய்ந்துபோனால் நீலம் பாரித்த கழிவாகிவிடும். அந்தக் காலத்தில் உலகெங்கும் வாயு ஆலைகள் இந்தக் கழிவுகளில் விற்க முடிந்ததை விற்றன, மீந்ததில் நிறைய ஆலை மனையிலேயே தங்கியது. இதைக் குற்றமாக யாரும் நினைக்கவில்லை. மண் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பதுதான் அன்றைய பொது அறிவு.

மண் விழுங்கும், ஆனால் செரிக்காது. அப்படி ஒரு பழைய மனையில் எடுத்த மண் மாதிரியின் உறையைத் திறந்தால் முதலில் வருவது பாச்சா உருண்டை வாசனை. அது நாப்தலீன். அதன் கூட்டாளிகளில் பென்சீனும் பென்சோபைரீனும் புற்றுநோய் உண்டாக்குபவை. நிலக்கரித் தார் தண்ணீரைவிடக் கனமானது. பெட்ரோல் போல நிலத்தடி நீரின் மேல் மிதக்காது, அதைத் தாண்டிக் கீழே இறங்கி, இறங்க முடியாத இடத்தில் தேங்கிக் கிடக்கும்.

இங்கேதான் காலாங்கின் பெயர் இன்னொரு அர்த்தத்தில் வருகிறது. சிங்கப்பூரின் கடலோரங்களிலும் ஆற்று முகங்களிலும் உள்ள மென்மையான கடற்களிமண் அடங்கிய படிவத்துக்குப் புவியியலில் பெயரே காலாங் படிவம். கட்டடப் பொறியாளர்களுக்கு அது தலைவலி, ஏனென்றால் பாரம் ஏற்றினால் அமிழும். மாசு ஆய்வாளனுக்கு அதுவே பாதி வரம். அந்தக் களிமண்ணுக்குள் தண்ணீர் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூட நகராது. மீதிப் பாதி? அதே படிவத்தில் ஆற்று மணல் அடுக்குகளும் உண்டு. மேலே காலங்காலமாகக் கொட்டிய நிரப்பு மண். நடுவே பழைய அடித்தூண்களும் கைவிடப்பட்ட குழாய்களும். தார் போகும் வழி களிமண்ணில் இல்லை, இந்த ஓட்டைகளில்தான்.

2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் கணக்கு இன்னும் மாறியது. அதுவரை கடலின் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்கிய காலாங் படுகை, இப்போது குடிநீருக்கான மரினா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி. கரைக்குள் நிலத்தடி நீர் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்பது ஆற்றின் மட்டத்தைப் பொறுத்தது. ஆகவே 2008க்கு முன் இந்தக் கரையில் எடுத்த எந்த அளவையும் அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது.

சரி, எவ்வளவு இருந்தால் 'மாசு'? ஜூரோங் நகராண்மைக் கழகம் தன் குத்தகை நிலங்களுக்குக் கேட்கும் சுற்றுச்சூழல் அடிப்படை ஆய்வில் நாம் ஒப்பிடுவது நெதர்லாந்தின் அளவுகோல்களோடு. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1980இல் லெக்கர்கெர்க் என்ற சிற்றூரில், ரசாயனக் கழிவு நிரப்பிய நிலத்தின்மேல் புது வீடுகளைக் கட்டியிருந்தது தெரியவந்து, சுமார் 270 குடும்பங்கள் வெளியேறின. அந்த அதிர்ச்சியில் பிறந்த சட்டமும் அட்டவணையும்தான் பிறகு எங்கள் மேசைவரை வந்தன. அந்த எண்கள் 10 விழுக்காடு கரிமப்பொருளும் 25 விழுக்காடு களியும் கொண்ட ஒரு 'இயல்பான' டச்சு மண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் மண்ணுக்கு ஏற்பத் திருத்தாமல் பயன்படுத்தினால் அறிக்கை அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் எண்ணைவிட முக்கியமான கேள்வி, எங்கே தோண்டுவது என்பது. எந்த மாசு ஆய்வும் துளையிடும் இயந்திரத்தோடு தொடங்குவதில்லை. முதல் கட்டம் முழுக்க வரலாறு. பழைய வரைபடங்கள், வான்படங்கள், உரிமப் பதிவுகள், பிறகு அங்கே வேலை பார்த்த ஆட்கள்.

பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பழைய ஆலை மனையில் நாங்கள் கட்டம் போட்டுத் துளைகளைக் குறித்திருந்தோம். அங்கே காவலுக்கு இருந்த தமிழ் அங்கிள் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, அந்த மூலையில போடலையா? அங்கதான்பா ஒரு குழி இருந்துச்சு, பழைய எண்ணெய எல்லாம் அதுலதான் ஊத்துவாங்க" என்றார். எந்த வரைபடத்திலும் அந்தக் குழி இல்லை. கூடுதலாக ஒரு துளை போட்டோம். அந்த மனையிலேயே மோசமான மாதிரி அங்கிருந்துதான் வந்தது.

அதற்குப் பிறகு காலாங் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இதே யோசனை. நகராட்சியின் தினக்கூலி வேலைகளில் தென்னிந்தியர்கள் நிறையப் பேர் இருந்தது நமக்குத் தெரிந்ததுதான். ஸ்ரீ மன்மத காருணீஸ்வரர் ஆலயம் இன்றும் காலாங் சாலையில் இருக்கிறது. வாயு ஆலையின் பாகங்களால் செய்த ஒரு சிற்பம் காலாங் ஆற்றோரப் பூங்காவில் நிற்கிறது. இரும்பைக் காப்பாற்றிவிட்டோம். உலையில் நின்றவருக்கும் தார் வாளி தூக்கியவருக்கும் தெரிந்திருந்ததை எத்தனை பேர் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறோம்? வாய்மொழி வரலாற்றைப் பண்பாட்டு ஆர்வலர்களின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். என் துறையில் அது பாதுகாப்புத் தகவல்.

கம்போங் பூகிஸில் ஏறக்குறைய 4,000 வீடுகள், கார் குறைந்த புதுக் குடியிருப்பு என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் திட்டமிட்டிருக்கிறது. அதற்கு முன் வாயு ஆலை இருந்த நிலத்தின் மண்ணைச் சுத்திகரிக்க வேண்டும் என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதுதான். இந்த மாதிரி மண்ணைத் தோண்டி எடுக்கலாம், சூடேற்றலாம், சிமெண்ட் கலந்து இறுக்கலாம். தோண்டினால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நமக்கு இருப்பது செமாக்காவ் என்ற ஒரே குப்பை நிரப்பிடம். எந்த வழியில் போனாலும் கொஞ்சம் மிச்சம் மண்ணிலேயே இருக்கும். அது எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதனால் மூடப்பட்டிருக்கிறது என்று எழுதிவைப்பதும் சுத்திகரிப்பில் சேர்த்திதான். 50 ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு குழாய் பதிக்க வருகிறவருக்கு அந்தக் காகிதம் கையில் கிடைக்க வேண்டும். அப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே ஒரு அங்கிள் இருக்கமாட்டார்.