கொள்ளுப்பாட்டி பேர் என்ன?

உங்கள் அப்பாவின் அப்பா பேர் தெரியும். அவருடைய அப்பா பேர்? கொஞ்சம் யோசித்தால் வந்துவிடும். பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கிற வழக்கத்தால் பாதி வீடுகளில் அந்தப் பேர் இன்னும் புழக்கத்தில் இருக்கும். சரி, அம்மாவுடைய அம்மாவின் அம்மா பேர் என்ன? இங்கேதான் பலரும் திணறுவோம். அவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பேரே இல்லாமல் போய்விட்டார்.

ஊரில் இருந்தவரை இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு என்று எங்கே போனாலும் "நீ இன்னாரோட பேத்திதானே?" என்று கேட்க ஒரு கிழவி இருப்பார். டெல்லி, புனே, அகமதாபாத் என்று வந்து சேர்ந்த நமக்கு அந்தக் கிழவி இல்லை. நம் பிள்ளைகளில் பலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். பரணில் கிடக்கும் நோட்டும் பத்திரமும் அவர்கள் கைக்குப் போகும்போது வெறும் பழைய பேப்பர்தான். படித்துப் பார்த்து, கேட்டு எழுதி வைக்கிற வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

முதல் வேலை, குடும்பத்திலேயே வயதானவரிடம் உட்கார்ந்து பேசுவது. "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "யுத்தம் நடந்தப்போ உங்களுக்கு என்ன வயசு? தனுஷ்கோடி புயல் வந்தப்போ அத்தைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள், கடகடவென்று வரும். அந்தப் புயல் 1964 டிசம்பர். அதை வைத்து முன்னும் பின்னும் கணக்குப் போடலாம். புருஷன் பேரையும் மாமனார் பேரையும் வாயால் சொல்லாத பாட்டிகள் உண்டு. அதை வேறு ஆளிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் :-) பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து வீட்டுக் காகிதங்கள். ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலே மொய் நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு செய்தார் என்று வரிசையாக இருக்கும். ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு என்பது அன்றைய தேதிக்கு உங்கள் சொந்தபந்தங்களின் கணக்கெடுப்பு. பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி நிறைய.

ஜாதகத்தில் ஆங்கில வருஷம் இல்லை என்று கவலைப்படாதீர்கள். தமிழ் வருஷங்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருபவை. ராட்சச வருஷம் ஆனி மாதம் 12 என்றிருந்தால் 1855, 1915, 1975 மூன்றில் ஒன்று. ஆளின் வயதைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 1915 என்றால் அந்த ஜூன் கடைசி வாரம். நெல்லை, குமரிப் பக்கத்துக் காகிதங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 824 அல்லது 825 கூட்டிக்கொள்ளுங்கள். "தாது வருஷப் பஞ்சத்துல இந்த ஊருக்கு வந்தோம்" என்று யாராவது சொன்னால் அது 1876 சித்திரையில் பிறந்த வருஷம். அந்தப் பஞ்சம் 1878 வரை நீண்டது.

பிறகுதான் அலுவலகங்கள். நிலம் இருந்த குடும்பம் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒரு புதையல். அண்ணன் தம்பிகள் எல்லோரும் அப்பா பேரோடு ஒரே இடத்தில் இருப்பார்கள். நாலு எல்லையில் வரும் பக்கத்து நிலத்துக்காரர் பல சமயம் பங்காளியாக இருப்பார். பத்திர எண்ணும் வருஷமும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு நகல் வாங்கலாம். பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் வந்தது 1969இல். சென்னை மாகாணத்துக்கு 1899லேயே தனிச்சட்டம் இருந்தது. பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பேரைத் தேடாதீர்கள். பேர் வைக்கும் முன்பே பதிந்திருப்பார்கள் என்பதால் "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கலாம். பெற்றோர் பேரையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள். பழைய நிலவரிப் பதிவேடுகளுக்குச் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

வடக்கே இருக்கும் நமக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஹரித்வாரிலும் கயாவிலும் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்ரீகர்களின் பேர்களை நீளமான ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே முதலில் கேட்பது உங்கள் பூர்வீக ஊரைத்தான். நம்மில் பலருக்கும் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தானே. அதனால் ஊரும் குலதெய்வமும்தான் நமக்குப் பிடி. சிதறிப்போன பங்காளிகள் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றுசேரும் இடம் குலதெய்வக் கோயில். அங்கே வரி வசூலிப்பவரின் நோட்டைக் கேட்டுப் பாருங்கள்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்குப் பத்திரம் கிடையாது, காசிக்கும் கயாவுக்கும் போக வசதியும் இருந்திருக்காது. அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, வேலை பார்த்த எஸ்டேட் அல்லது மில் கொடுத்த காகிதம், இவைதான் ஆதாரம். பல இடங்களில் வாய்ச்சொல் மட்டுமே மிச்சம். அதனால்தான் பாட்டியிடம் பேசுவதை முதலில் வைத்தேன்.

பெண்கள் விஷயம் இன்னும் கஷ்டம். 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்று மட்டும் பதிந்துகொண்டு, சொந்தப் பேரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் வடமாநிலங்களில் நடந்தது அது. ஆனால் நம் வீட்டு வம்சாவளிகளை எடுத்துப் பாருங்கள். அப்பா, மகன், பேரன் என்று ஆண்கள் வரிசைதான் இருக்கும். கல்யாணமாகிப் போன பெண் அந்த மரத்திலிருந்து உதிர்ந்துவிடுவார், வந்த பெண்ணின் பிறந்த ஊர் பதிவாகாது.

தேடும்போது பெருமைக்குரியது மட்டும் கிடைக்காது. இரண்டாம் தாரம், தத்து, கடனில் போன நிலம், சொல்லாமல் ஊரைவிட்டுப் போனவர் எல்லாம் வரும். அதையும் எழுதி வையுங்கள். உயிரோடிருப்பவர்களைப் புண்படுத்தும் என்றால் ஊரெல்லாம் பரப்ப வேண்டாம், அவ்வளவே.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். பேர்களைத் தமிழிலும், பிள்ளைகள் படிக்கிற எழுத்திலும் சேர்த்தே எழுதுங்கள். முதல் பக்கத்தில் கொள்ளுப்பாட்டியின் பேர் இருக்கட்டும். அதைச் சொல்லக்கூடியவர் இன்னும் இருக்கிறாரா என்று இன்றைக்கே ஒரு போன் போட்டு விசாரியுங்கள்.