நெப்போலியனின் நூற்பெட்டிகள்

போர்த்தொழிலிற் புகழ்படைத்தோரைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் அவர்தம் படைகளை எண்ணுமளவுக்கு அவர்தம் புத்தகங்களை எண்ணுவதில்லை. நெப்போலியன் பொனப்பாட்டைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகும். அவன் இளமை முதல் இறுதிவரை நூல் திரட்டியவன். எந்நூலை வேண்டினான், எவ்வடிவில் வேண்டினான், எப்போருக்கு முன் வேண்டினான் என்பன அவன் பட்டியல்களிலும், நூலகருக்கு அனுப்பிய கடிதங்களிலும் எஞ்சியுள்ளன. அவற்றை ஆண்டு முறையில் நோக்குவார்க்கு, அவன் நூல்களையும் தன் போர்க்கருவிகளுள் ஒன்றாகவே கொண்டான் என்பது புலனாகும். அக்கருவி எங்கே பயன்பட்டது, எங்கே பயன்படாது போயிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கோர்சிக்காத் தீவிலிருந்து 1779 ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவனாய், பிரியென் நகரத்து அரசாங்கப் படைத்துறைப் பள்ளியிற் சேர்ந்தபோது அவனுக்குப் பிரெஞ்சு மொழியே செவ்வனே வாராது. உடன்பயின்றோரின் ஏளனத்துக்கு அஞ்சியோ வெறுத்தோ அவன் பள்ளி நூல்நிலையத்தில் ஒதுங்கினான் என்றும், புளூட்டாக்கின் வாழ்க்கை வரலாறுகளில் ஆழ்ந்து கிடந்தான் என்றும் பள்ளித்தோழனான பூரியென் எழுதுகின்றான். 1785 இல் தந்தை இறந்தார். அதே ஆண்டிற் பீரங்கிப் படையின் இரண்டாந்தர அதிகாரியாக வலான்சு நகரில் அமர்ந்த பதினாறு வயது இளைஞனுக்குச் சம்பளமோ சிறிது. குடும்பப் பாரமோ பெரிது. நூல் வாங்கப் பணமில்லை. ஓரெல் என்னும் புத்தக வணிகரிடம் இரவல் பெற்றுப் படித்தான்.

படித்தவற்றைக் குறித்துவைக்கும் வழக்கம் இவ்வறுமையால் வலுப்பெற்றது. 1788 முதல் ஒசோன் நகரில் இருந்த காலத்தில் நாளுக்கு ஒருவேளை உணவோடு நின்று, ரொலினின் பண்டைய வரலாறு, ரேனாலின் இருவகை இந்தியத் தேசங்களின் வரலாறு, பூபொனின் இயற்கை நூல், இங்கிலாந்தின் வரலாறு முதலியவற்றிலிருந்து ஏடு ஏடாகக் குறிப்பெடுத்தான். அக்குறிப்பேடுகள் அழியாதிருந்து 1895 இல் அச்சேறின. புவியியற் குறிப்பேடு ஒன்று சென்ற் எலீனா ஒரு சிறு தீவு என்னும் தொடரோடு முற்றுப்பெறாமல் நின்றுவிடுகின்றது. இதனை விதியின் முன்னறிவிப்பாகக் கொண்டு வியப்போர் பலர். ஏட்டின் எஞ்சிய பக்கங்கள் வெறுமையாய் இருப்பதற்கு இளைஞனின் வேலைப்பளுவே போதிய காரணமாகலாம்.

பொருளும் அதிகாரமும் வந்தபின் முதன்முதலாக அவன் தானே அமைத்த நூல்நிலையம் 1798 ஆம் ஆண்டு எகிப்துப் படையெடுப்புக்கு உரியது. அதற்கு அவன் எழுதிக்கொடுத்த பட்டியல் கிடைத்துள்ளது. வரலாற்றுப் பிரிவே மிகப் பெரிது. துசிடைடீசு, பொலிபியசு, அரியன், லிவி, தசிற்றசு என்னும் பண்டையோர் ஒருபுறம். தூரென், மார்ல்பரோ, இளவரசன் இயூஜின், சுவீடன் அரசன் பன்னிரண்டாம் சார்ள்சு, பிரசிய அரசன் இரண்டாம் பிரடெரிக்கு ஆகியோரின் போர் வரலாறுகள் மறுபுறம். கடலோடியான குக் தளபதியின் பயண நூலும், நாற்பது தொகுதி ஆங்கில நாவல்களும், ஒசியன் பெயரால் வழங்கிய வீரப்பாடல்களும் உடன் சென்றன. வெற்றிவேட்கையும் வீரசாகசத்தில் விருப்பும் ஒரே உள்ளத்தில் ஒருங்கு குடியிருந்தமைக்கு இப்பட்டியலே சான்று.

அரசியல் என்னும் தலைப்பின்கீழ் அவன் வைத்தவை விவிலியம், குர்ஆன், வேதம் ஆகியன. சமயநூல்களை அரசியலில் அடக்கியதொன்றே ஆள்பவன் நோக்கினை உணர்த்தும். வேதம் என்றது குறித்து நம்மவர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்நாளிற் பிரெஞ்சு வாசகருக்கு வேதம் என்னும் பெயரால் எட்டியிருந்தது 1778 இல் அச்சான எசூர் வேதம். வோல்ற்றேர் மெய்யென நம்பிப் போற்றிய அந்நூல் மெய்யான வேதமன்று. இந்துக்களை மதம் மாற்றும் நோக்குடன் பாதிரிமாரால் ஆக்கப்பட்டதென்று பின்னர்த் தெளியப்பட்டது.

பேரரசனான பின் 1807 இல் அந்துவான் பார்பியே என்னும் அறிஞர் அவனுடைய நூலகரானார். ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த நூல்களுக்கு அகராதி செய்த பேரறிஞர் அவர். அவருக்கு 1808 யூலை 17 இல் பயோன் நகரிலிருந்து எழுதப்பட்ட கடிதம் நுணுகி நோக்கத்தக்கது. ஆயிரம் நூல்கள் கொண்ட நடமாடும் நூல்நிலையம் ஒன்று அவனுக்கு வேண்டுமாம். நூல்கள் சிற்றளவினவாய், ஐந்நூறு அறுநூறு பக்கமுடையனவாய் இருத்தல் வேண்டும். இடம் வீணாகாதபடி ஓரங்கள் விடாமல் அச்சிடல் வேண்டும். கட்டடம் மெல்லியதாய், எளிதில் விரிந்து கொடுப்பதாய் அமைதல் வேண்டும். சமயத்துக்கு 40, காவியத்துக்கு 40, நாடகத்துக்கு 40, கவிதைக்கு 60, நாவலுக்கு 100, வரலாற்றுக்கு 60 என ஒதுக்கிவிட்டு, எஞ்சிய 660 இடங்களையும் எல்லாக் காலத்து வரலாற்று நினைவுக்குறிப்புகளாலும் நிரப்பச் சொல்கின்றான். வரலாற்றாசிரியரின் முடிவைக் காட்டிலும் களத்தில் நின்றவர் தாமே சொன்னதை அவன் மிகுதியும் நாடினான் என்பது இவ்வெண்களால் விளங்கும்.

அக்கடிதத்திலேயே மற்றொரு கட்டளையும் உண்டு. யூப்பிரத்தீசு ஆற்றங்கரையில் உரோமர் பார்த்தியரோடு பொருத போர்களைப் பற்றி, கிராசசு காலந்தொட்டு எட்டாம் நூற்றாண்டுவரை, புவியியல் வல்லார் துணைகொண்டு குறிப்புகள் எழுதித் தருமாறும், படைகள் சென்ற வழியைப் படங்களில் வரைந்து இடங்களின் பழம்பெயரும் புதுப்பெயரும் குறிக்குமாறும் அவன் பணித்தான். கிழக்குநோக்கி ஒரு படை நடத்தும் எண்ணம் அவன் உள்ளத்தைவிட்டு அகலாத காலம் அது. உரோமப் பேரரசு மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்தும் அதன் படைவழிகளை அவன் தன் வழிகளாக எண்ணிப் படித்தான்.

பெட்டிகளின் செய்கையும் சிறிது கூறற்பாலது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அறுபது நூல்கள் கொள்ளும். திறந்து நிறுத்தினால் அதுவே புத்தக அலுமாரியாகும். முதலில் மகோகனி மரத்தாற் செய்தனர். வண்டியின் அதிர்ச்சியை அது தாங்காமையால் பின்னர் ஓக் மரத்தாற் செய்து தோல் போர்த்தனர். பெட்டிக்கொரு பட்டியல், நூலுக்கோர் எண். பேரரசன் கேட்ட நூலை நொடியில் எடுத்துக் கொடுக்க இவ்வொழுங்கு உதவிற்று. பிடிக்காத புதுநாவல்களை வண்டிச் சாளரத்தால் வீசியெறியும் பழக்கமும் அவனுக்கு உண்டென்பர். 1809 யூனில் ஷோன்புறுண் அரண்மனையிலிருந்து மூவாயிரம் வரலாற்று நூல்களைத் தனக்கென்றே ஒரே அளவில் அச்சிடும் திட்டத்தை எழுதி அனுப்பினான். அதற்குப் பெரும்பொருளும் நீண்டகாலமும் வேண்டுமெனப் பார்பியே கணக்கிட்டுக் காட்டினார். அது கைகூடவில்லை.

இனி, இந்நூல்நிலையத்தின் பயனை உரைத்துப் பார்க்கத்தக்க இடம் உருசியப் போராகும். 1811 டிசெம்பர் 19 இல், பன்னிரண்டாம் சார்ள்சு போலந்திலும் உருசியாவிலும் நடத்திய போர்கள் பற்றி மிக விரிவான நூலை அனுப்புமாறு பார்பியேக்குக் கட்டளை சென்றது. அந்நூல் கூறும் கதையை ஐரோப்பாவில் அறியாதார் இல்லை. வெல்லற்கரியவன் எனப் பெயரெடுத்த சுவீடன் அரசன் உருசியாவினுள் நெடுந்தூரம் புகுந்து, கடுங்குளிரிற் படையிழந்து, 1709 இல் பொல்ற்றாவாவில் முறியடிக்கப்பட்டான். இதைப் படித்த ஆறு திங்களுக்குள் நெப்போலியன் நீமன் ஆற்றைக் கடந்தான். யூலை இறுதியில் வித்தெப்சுக்கு நகரை அடைந்ததும், சார்ள்சின் அறியாமையைத் தான் மீளச் செய்யப்போவதில்லை, இவ்வாண்டுப் போர் இத்துடன் முடிந்தது என்று கூறினான் எனச் சேகூர் பிரபு எழுதியுள்ளார். இரு வாரங்களில் மனம் மாறி மேலும் கிழக்கே நடந்தான். செப்டெம்பர் 14 இல் மொஸ்கோவிற் புகுந்தான். ஒக்டோபர் 19 இல் அதைவிட்டு வெளியேறினான். அங்கேயும் வோல்ற்றேர் எழுதிய சார்ள்சின் வரலாறு அவன் அருகே கிடந்ததென்பர்.

நூல் எச்சரித்தும் அவன் கேளாதது ஏன்? படியாமையாலன்று. சார்ள்சு செய்த பிழைகள் யாவை, அவற்றைத் தான் எங்ஙனம் தவிர்க்கலாம் என்னும் ஒரே நோக்குடன் அவன் அதனைப் படித்தான். சார்ள்சுக்கு வாய்க்காத படைப்பெருக்கமும் உணவுக் களஞ்சியங்களும் தன்னிடம் இருந்தமையால் அவ்வரலாறு தன்னைக் குறிப்பதன்று எனத் துணிந்தான். ஆனால் நிலத்தின் தொலைவு இருவர்க்கும் ஒன்றே. அரியனிலும் பொலிபியசிலும் வெற்றிக்குரிய வழிகளைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, வெற்றியே இயலாத நிலை ஒன்றுண்டு என்பது எழுத்தில் தெளிவாயிருந்தும் தோன்றாது போயிற்று.

வாட்டலூவுக்குப் பின், 1815 யூனில், அமெரிக்காவுக்குச் செல்லலாம் என்னும் நம்பிக்கையோடு அந்நாட்டைப் பற்றிய நூல்களைப் பார்பியேயிடம் கேட்டுவாங்கினான். கப்பலோ அவனை ஒக்டோபரில் சென்ற் எலீனாவிற் கொண்டுசேர்த்தது. 1816 யூனில் ஐரோப்பாவிலிருந்து புத்தகப்பெட்டிகள் வந்திறங்கியபோது அவன் கொண்ட மகிழ்ச்சியை லாஸ் காஸ் பதிந்துள்ளார். கட்டளையிடப் படையில்லாதவிடத்து, பழைய தளபதியர் அனைவரும் அவன் விசாரணைக்கு வந்து நின்றனர். சீசரின் போர்களைப் பற்றி அவன் மார்ஷானுக்குச் சொல்லச்சொல்ல எழுதுவித்த நூல் 1836 இல் வெளியாயிற்று. தூரென், பிரடெரிக்கு ஆகியோர் போர்களையும் அவ்வாறே ஆராய்ந்தான். அவன் ஆக்கங்களுள் அமைதியுடன் எழுதப்பட்டவை இவையே எனல் தகும்.

1821 இல் எழுதிய மரணசாதனத்தில், தன் நூல்களுள் மிகுதியும் பயன்பட்ட நானூற்றைத் தெரிந்தெடுத்து, மகன் பதினாறு வயது எய்தியதும் அவனிடம் ஒப்புவிக்குமாறு சென் தெனி என்னும் ஏவலாளனைப் பணித்தான். தீவில் நூல்களைக் காத்தும் குறிப்புகளை அழகிய கையெழுத்திற் படியெடுத்தும் வந்தவன் இவனே. அம்மகன் வியன்னா அரசவையில் வளர்ந்து, 1832 இல், 21 ஆம் வயதில் மாண்டான். தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட நூல்களுட் பல 1823 இல் இலண்டனிற் சொத்பியின் ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறின. சென் தெனி சான்ஸ் நகரிற் குடியேறி வாழ்ந்து 1856 இல் இறந்தான். பிளெரி த சபுலோன் என்பார் 1815 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பு நூல் ஒன்றை அவன் அந்நகருக்கு உரிமையாக்கிச் சென்றான். அதன் பக்க ஓரங்களில், ஆசிரியர் கூற்றுகளை மறுத்தும் திருத்தியும் நெப்போலியன் தன் கையால் எழுதிய குறிப்புகள் நிறைந்துள்ளன.